ஏழாவது குழந்தைக்கு அனுமதி

"வீட்டுக்காரர் சம்மதிக்கணும்" என்று ஈரோட்டில் இருந்த அக்காவிடம் நான் போனில் சொன்னதும், அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏம் புள்ள, மாப்பிள்ளைக்கு இதுல என்ன வந்துச்சாம்? அவரு பாட்டுக்கு ஆபீஸ் போறாரு, வர்றாரு. வீட்டுல ஒரு குழந்தை கூட இருந்தா அவருக்கென்ன?" என்றாள்.

"எங்கூட்டுக்காரரு இல்லக்கா. வீட்டு ஓனரு. நாங்க குடியிருக்கற வீட்டோட ஓனரு."

"அந்த வெள்ளைக்காரப் பெரியவரா? உன் வீட்டுல எத்தனை குழந்தைங்க இருக்குதுன்னு அவரு எதுக்குப் பாக்கறாரு?"

நியாயமான கேள்விதான். ஆனால் அப்போதெல்லாம் இந்தியாவுக்குப் பேச காலிங் கார்டு வேண்டும். பாதிப் பேச்சில் ஒரு பெண்குரல் நுழைந்து நேரம் முடியப்போகிறது என்று சொல்லிவிடும். அக்காவுக்கு அன்று முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு சொல்லவும் தோன்றவில்லை.

அது தொண்ணூறுகளின் பின்பாதி. நாங்கள் சான் ஹோசேயில் ஒரு முட்டுச்சந்தின் கடைசி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் ஒரு ஸ்டார்ட்-அப்பில் சிப் டிசைன் செய்துகொண்டிருந்தார். நான் வாசற்கதவைத் திறந்து குழந்தைகளை உள்ளே வாங்கும் நேரத்தில் அவர் கிளம்பிப் போவார். நான் சாப்பிட்டுவிட்டு அடுப்படியைத் துடைத்து முடித்தபின் வருவார். நல்ல மனிதர். எங்களுக்குள் சண்டை என்று ஒன்றும் கிடையாது. சண்டை போடுவதென்றாலும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டுமே.

எங்களுக்குக் குழந்தை இல்லை. ஊரிலும் இங்கேயும் பார்க்க வேண்டிய டாக்டர்களை எல்லாம் பார்த்தாகிவிட்டது. அந்தப் பேச்சை விட்டுவிடலாம் என்று நாங்கள் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ஒரு நாள் யோசித்துப் பார்த்தால், அதைப் பற்றிப் பேசியே வெகு காலம் ஆகியிருந்தது.

கிரீன் கார்டு வரும்வரை எனக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. வந்த பிறகு, கரூரில் வாங்கிய பி.காம். பட்டத்தை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. தமிழ்க் குடும்பங்கள் ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக்கொண்டு கூடிய ஒரு பாட்லக்கில், லீவு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டிய ஒரு பெண் தன் கைக்குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது குழந்தை என் புடவைத் தலைப்பைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. "அக்கா, நீங்களே பாத்துக்கறீங்களா? டே கேர்ல விட மனசே வரல" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

ஒரு குடும்பத்துப் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டால் லைசென்ஸ் வேண்டாம். இரண்டாவது குடும்பம் வந்தால் வேண்டும். இரண்டாவது குடும்பம் சீக்கிரமே வந்தது. கைரேகை கொடுத்தேன். டி.பி. டெஸ்ட் எடுத்தேன். மூச்சு நின்றுபோன ரப்பர் பொம்மையின் நெஞ்சை இரண்டு விரலால் அழுத்தி உயிர் கொடுக்கக் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் ஆபீஸ் நடத்திய வகுப்பில் பாடம் எடுத்த பெண்மணி ஆறு விரலை உயர்த்திக் காட்டினார். "உங்கள் வீட்டுக்கு ஆறு குழந்தைகள். பக்கத்து வீட்டுக்காரி அழுதுகொண்டு வந்து நின்றாலும் ஆறு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஃப்ரீமான்ட் பக்கம் ஓர் ஆன்ட்டி, திடீரென்று சோதனைக்கு வந்தவர்களின் கண்ணில் படாமல் இரண்டு குழந்தைகளைக் குளியலறைக்குள் ஒளித்து வைத்தாராம். குழந்தைகள் உள்ளேயிருந்து கதவைத் தட்டிவிட்டார்கள். அன்று மாலையே அவருடைய டே கேர் மூடப்பட்டது. அந்தக் கதையை என்னிடம் சொல்லாத இந்தியர் அந்த ஊரில் இல்லை.

ஆறு இடமும் நிரம்பியது. காலையில் ஒவ்வொரு காராக வந்து நிற்கும். பெற்றவர்கள் என்னிடம் பேசுவது வாசற்படியில்தான். "பால் குடிச்சுட்டான் அக்கா." "நேத்து சரியாத் தூங்கல." "மருந்து பையில இருக்கு." அவ்வளவுதான், ஃபிரீவேயில் நெரிசல் கூடுவதற்குள் போய்விட வேண்டும். மாலையில் அதே படியில் அதே மாதிரி இரண்டு வார்த்தை. நடுவில் நாள் முழுக்க நான் பேசிக்கொண்டேதான் இருப்பேன். கை கழுவு, கடிக்காதே, யார் தள்ளிவிட்டது, வாயைத் திற. மாலையில் கடைசிக் கார் திரும்பிப் போனதும் வீடு ஒரேயடியாக அமைதியாகிவிடும். நாள் முழுதும் பேசிய தொண்டை வலிக்கும். ஆனால் யாரிடமும் ஒன்றும் சொன்ன மாதிரியே இருக்காது.

அந்த ஆறு பேரில் ஒருவன் மூன்று வயதுப் பையன். அவன் அம்மா மதுரைக்காரப் பெண், ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்துகொண்டிருந்தாள். கணவருக்கு டாலஸில் கான்ட்ராக்ட் வேலை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை விமானத்தில் வந்து, ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவார். பையனுக்கு ஓர் அக்கா உண்டு என்று எனக்குத் தெரியும். மாலையில் தம்பியை அழைத்துப்போக வரும்போது காரின் பின் சீட்டில் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருப்பாள். இரண்டாம் வகுப்பு.

ஒரு நாள் அவளுக்குப் பாத்ரூம் போக வேண்டுமென்று உள்ளே வந்தாள். குனிந்து ஷூவைக் கழற்றும்போது சட்டைக்குள்ளிருந்து ஒரு சாவி வெளியே விழுந்து ஊசலாடியது. ஷூ லேஸில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தாள். நான் பார்ப்பதைக் கண்டதும் அதை எடுத்து அவசரமாக உள்ளே போட்டுக்கொண்டாள்.

மறுநாள் தம்பிக்காரனுக்குச் சோறு ஊட்டும்போது, "அக்காவை ஸ்கூல்ல இருந்து யாருடா கூட்டிட்டு வர்றாங்க?" என்று கேட்டேன்.

"நோபடி" என்றான். "அக்கா அலோன். அக்கா டோன்ட் ஓப்பன் டோர்."

அன்று மாலை அவன் அம்மாவைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கேட்டேன். கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

"பக்கத்து பில்டிங்ல ஒரு மாமி பாத்துக்கிட்டு இருந்தாங்கக்கா. அவங்க பொண்ணுக்குப் பிரசவம்னு நியூ ஜெர்சி போயிட்டாங்க. ஸ்கூல்லயே ஆஃப்டர் ஸ்கூல் புரோக்ராம் இருக்கு, அதுல வெயிட் லிஸ்ட். நான் வேலைய விட்டா விசா போயிரும். மூணு மணிக்கு வந்து, நான் வர்ற வரைக்கும் கதவப் பூட்டிக்கிட்டு உக்காந்திருப்பா. சமத்துக்கா அவ." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லிராதீங்க. இங்க புள்ளைய எடுத்துட்டுப் போயிருவாங்களாம்ல?"

நாளைக்கே இங்கே கொண்டுவந்து விடு என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் உள்ளே ஆறு பேர் இருந்தார்கள். அந்த ஆறு பேருக்கும் பின்னால் ஆறு வீடுகள், அவரவர் வேலைகள். "கேட்டுப் பாக்கறேன்" என்றேன்.

மறுநாள் குழந்தைகள் தூங்கியபின் லைசென்ஸ் ஆபீஸுக்குப் போன் செய்தேன். போனில் கிடைத்த பெண் பொறுமைசாலி. ஆறுக்கு மேல் எட்டு வரை போகலாம், அதற்கு வழி இருக்கிறது என்றாள். அதில் இரண்டு பேராவது ஆறு வயது தாண்டியவர்களாக இருக்க வேண்டும். என்னிடம் ஏற்கெனவே அவள் பள்ளியிலிருந்தே வேனில் வந்து இறங்கும் முதல் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான், இவளைச் சேர்த்தால் இரண்டு பேர் ஆயிற்று. கைக்குழந்தைகள் அதிகம் இருக்கக் கூடாது. எல்லாப் பெற்றோருக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். இதுவரை சரி.

"வீடு சொந்தமா, வாடகையா?" என்று கேட்டாள்.

"வாடகை."

"அப்படியென்றால் வீட்டுச் சொந்தக்காரர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும்."

எங்கள் வீட்டு ஓனருக்கு எழுபது வயதுக்கு மேல். இந்த ஊரில் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் பழங்களை டின்னில் அடைக்கும் ஃபாக்டரிகள் இருந்தனவாம், அதில் ஒன்றில் ஃபோர்மேனாக இருந்தவர். மனைவி இறந்துவிட்டார். மகன் எங்கோ கிழக்குக் கரையில். குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் தானே டூல் பாக்ஸோடு வருவார். குழந்தைகளைத் தாண்டித் தாண்டி நடந்து வேலையை முடித்துவிட்டு, ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாமல் போவார்.

நான் எழுதி வைத்திருந்த காகிதத்தை அவர் வாசலிலேயே நின்று படித்தார். தெருவில் காலை நேரம் கார்கள் அதிகமாகிவிட்டன என்று எதிர்வீட்டுக்காரர் புகார் செய்திருப்பதாகச் சொன்னார். முன்பொரு முறை அவருடைய இன்னொரு வீட்டில் ஒரு குழந்தை படியில் விழுந்து, வக்கீல் நோட்டீஸ் வரை போயிருக்கிறது. "ஆறு பேருக்கு நான் மாட்டேன் என்று சொல்ல முடியாது. சட்டம் விடாது" என்றார். "ஏழாவதுக்குச் சொல்லலாம். சொல்ல வேண்டுமா என்று யோசித்துக்கொள்கிறேன்." காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் யோசித்து முடிக்கும்வரை அந்தப் பெண்ணை என்ன செய்வது? எனக்குத் தோன்றியது ஒன்றுதான். பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவள் எனக்குப் போன் செய்ய வேண்டும்.

முதல் நாள் மணி அடித்தபோது நான் தயாராக நின்றிருந்தேன். சமையலறைச் சுவரில் மாட்டிய போன், சுருள் சுருளாக நீண்ட வயர். அடுத்த அறையில் சின்னக் குழந்தைகள் எல்லாம் பாயில் தூங்கிக்கொண்டிருந்தன. முதல் வகுப்புப் பையன் படம் வரைந்துகொண்டிருந்தான்.

"ஆன்ட்டி, இட்ஸ் மீ."

"கதவு பூட்டிட்டியா கண்ணு?"

"யெஸ்."

"மேல செயின்?"

"யெஸ்."

"என்ன சாப்பிடற?"

"சீரியல்."

அதோடு வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, தன் வகுப்பில் ஒருவன் பசையைத் தின்றுவிட்டான் என்று சொன்னாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அது இரண்டு பேருக்கும் ஒரு கஷ்டமாகவே இல்லை.

அது தினசரி வழக்கமாயிற்று. ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நான் துண்டுகளை மடிப்பேன், மாலைப் பழத்தட்டுக்கு ஆப்பிள் நறுக்குவேன். அங்கே அவள் ஹோம்வொர்க் எழுதுவாள். பேச ஒன்றும் இல்லாதபோது இரண்டு பேரும் சும்மா இருப்போம். பென்சில் உரசும் சத்தம் எனக்குக் கேட்கும். மாடி வீட்டில் யாராவது நடந்தால், "ஆன்ட்டி, தே ஆர் வாக்கிங்" என்பாள். "நடக்கட்டும், அவங்க வீடுதானே" என்பேன். லைப்ரரி புத்தகத்திலிருந்து படித்துக் காட்டுவாள். எங்கள் கரூர் பஸ் ஸ்டாண்டைப் பற்றி, காலேஜ் போகும் பஸ்ஸில் புட்போர்டில் நின்று வந்த எங்கள் கூட்டத்தைப் பற்றி நான் சொல்வேன். பஸ்ஸில் ஏன் கதவு இல்லை என்று பல நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள், எனக்குக் குழந்தைகள் இருக்கிறார்களா என்று கேட்டாள்.

"இல்லையே கண்ணு."

ஆனால் உங்களிடம் ஆறு பேர் இருக்கிறார்களே என்றாள்.

"அவங்க எல்லாம் சாயந்திரம் அவங்கவங்க வீட்டுக்குப் போயிருவாங்க."

"தென் வாட் டூ யூ டூ?"

இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கார்ப்பெட்டை வேக்யூம் செய்வேன், பொம்மைகளைக் கழுவிக் காயவைப்பேன், சமைப்பேன், டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவேன் என்றேன்.

"பை யுவர்செல்ஃப்?"

"ம்."

டிவியைச் சத்தமாக வைப்பீர்களா என்று கேட்டாள்.

"ஆமா. கொஞ்சம் சத்தமாத்தான் வைப்பேன்."

"மீ டூ" என்றாள். அப்போதுதான் வீட்டில் ஆட்கள் இருக்கிற மாதிரி இருக்கும் என்றாள்.

என் கணவரிடமோ, அக்காவிடமோ, வார இறுதியில் சந்தித்த எந்தப் பெண்ணிடமோ நான் சொல்லாததை ஏழு வயதுக்காரி ஒருத்தி அவளாகவே தெரிந்துவைத்திருந்தாள்.

ஓனரிடமிருந்து பதில் வரவில்லை. ஒரு முறை கூப்பிட்டு நினைவூட்டினேன். மகனிடம் கேட்டிருக்கிறேன், அவன் இன்ஷூரன்ஸ்காரரிடம் கேட்கச் சொல்கிறான் என்றார். மதுரைக்காரப் பெண் தினமும் என் முகத்தைப் பார்ப்பாள், நான் இல்லை என்று தலையசைப்பேன்.

ஜனவரியில், விடாமல் மழை பெய்த ஒரு நாளில், போன் வரவில்லை.

முதலில் பஸ் தாமதமாகியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு நானே கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து, ஆன்சரிங் மெஷினில் அவள் குரலே வந்தது. மறுபடி கூப்பிட்டேன். அம்மாவின் ஆபீஸுக்குக் கூப்பிட்டால் வாய்ஸ் மெயில். என் கணவரின் நம்பரிலும் வாய்ஸ் மெயில். அந்த அபார்ட்மென்ட் காரில் போனால் பத்து நிமிஷ தூரம்தான். ஆனால் பாயில் தூங்கும் குழந்தைகளை விட்டு நான் அந்த வீட்டின் வாசற்படியைக்கூடத் தாண்ட முடியாது. எல்லோரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போக என் காரில் இடம் கிடையாது. போலீஸைக் கூப்பிடலாம். ஆனால் கூப்பிட்டால், அந்தத் தாய் சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு எதற்குப் பயந்தாளோ அது நடந்துவிடும்.

தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். எல்லோரும் ஆபீஸில் இருந்தார்கள். பகலில் வீட்டில் இருக்கக்கூடியவர், நான் கூப்பிட்டால் எடுக்கக்கூடியவர், அத்தனை பெரிய ஊரில் ஒரே ஒருவர்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓனருக்குப் போன் செய்தேன்.

என் இங்கிலீஷ் தடுமாறியது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "அந்த ஏழாவது பெண்ணா?" என்றார். ஆமாம் என்றேன். "அட்ரஸைச் சொல்லு."

அரை மணி நேரத்துக்குள் அவரிடமிருந்து தகவல் இல்லையென்றால், என்ன ஆனாலும் சரி, போலீஸைக் கூப்பிட்டுவிடுவது என்று போனில் கையை வைத்தபடியே நின்றேன். உள்ளே ஒரு குழந்தை எழுந்து அழுதது. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

மணி அடித்தது. அபார்ட்மென்ட்டின் துணி துவைக்கும் அறைக்கு வெளியே இருந்த பே போனிலிருந்து அவர் பேசினார். அவள் வீட்டு வாசல் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். சாவி பூட்டுக்குள்ளேயே உடைந்துபோய்விட்டது. நனைந்திருக்கிறாள், மற்றபடி நன்றாக இருக்கிறாள்.

"உங்கள் வண்டியில் இங்கே கூட்டிக்கொண்டு வர முடியுமா?" என்றேன்.

"கேட்டேன். முன்பின் தெரியாதவர் வண்டியில் ஏறக் கூடாது என்று சொல்கிறாள். சரியாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்." பிறகு, "நீ உன் வேலையைப் பார். அவள் அம்மா வரும்வரை நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்" என்றார்.

அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் விடாமல் முயன்று கடைசியில் அம்மாவைப் பிடித்துவிட்டேன். அவள் ஆபீஸிலிருந்து பறந்துபோனபோது, மாடிப்படியில் தன் மகளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அரசாங்கத்தில் இருந்துதான் ஆள் வந்துவிட்டது என்று நினைத்து, படியின் கீழேயே உட்கார்ந்துவிட்டாளாம். இதை அவளே என்னிடம் பிறகு சொன்னாள். ஆனால் அன்று மாலை தம்பியை அழைத்துப்போக வந்தபோது அவள் கோபமாக இருந்தாள்.

"யாருன்னே தெரியாத ஆள எப்படிக்கா அனுப்புனீங்க? ஏதாச்சும் ஆகியிருந்தா?"

"வேற யாரு இருந்தாங்க, சொல்லுங்க" என்றேன்.

அவள் கண்ணில் நீர் கோத்தது. பக்கத்தில் நின்ற மகள் முழங்காலுக்குக் கீழே வரை தொங்கும் கட்டம் போட்ட ஓர் ஆண்பிள்ளைக் கோட்டைப் போட்டிருந்தாள். அதை என்னிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு, அந்த மனிதர் ஒன்றுமே பேசவில்லை, ஆனால் இரண்டு முறை பெப்பர்மின்ட் கொடுத்தார், நான் வாங்கவில்லை என்றாள்.

கோட்டை வாங்கிப்போக ஓனர் மறுநாள் காலை வந்தார். கையில் அந்தக் காகிதம், நான்காக மடித்தது, கையெழுத்துப் போட்டிருந்தது. இன்ஷூரன்ஸ்காரர் என்ன சொன்னார் என்று கேட்டேன். கேட்கவில்லை என்றார். "அந்தப் படி சிமென்ட். குளிர் எலும்புக்குள் போகிறது" என்று சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். உள்ளே வந்து ஒரு டீ குடியுங்கள் என்று நான் சொன்னதற்கு, உங்களுக்கு வேலை இருக்குமே என்று கையை ஆட்டினார்.

மற்றப் பெற்றோருக்கும் எழுதிக் கொடுத்தேன். ஒரு கைக்குழந்தையின் அப்பா மட்டும் படியில் நின்று, "எங்க குழந்தைக்குக் குடுக்கற அட்டென்ஷன் குறையாதா?" என்றார். அவர் மனைவி, "ஏழு வயசுப் பொண்ணுங்க. அவ என்ன தொட்டில்லயா படுத்துக்கப் போறா?" என்று கேட்டதும் காரைப் பார்த்து நடந்துவிட்டார்.

இப்படியாக ஏழாவது குழந்தை வந்தாள். முதல் வகுப்புப் பையனோடு வேனிலிருந்து இறங்கினாள். அவள் வரும் முதல் நாளுக்கென்று நான் அடை சுட்டு வைத்திருந்தேன். அவளுக்கென்று தனியாக ஒரு நாற்காலி வாங்கி, சமையலறைப் பக்கமாக, நான் வேலை செய்யும் இடத்துக்கு அருகில் போட்டிருந்தேன். அவள் ஹோம்வொர்க் செய்வாள், நான் நறுக்குவேன், பேசிக்கொண்டிருப்போம் என்று மனதுக்குள் ஒரு படம் இருந்தது.

"ஹாய் ஆன்ட்டி" என்றாள். சாப்பிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து ஹோம்வொர்க்கை வேகவேகமாக முடித்தாள். முடித்ததும் பெரிய அறைக்குப் போய்விட்டாள். ஒரு வாரத்துக்குள் அந்த அறை அவள் ராஜ்ஜியம் ஆயிற்று. சின்னக் குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்து டீச்சர் விளையாட்டு, சோஃபாவைக் கப்பலாக்கி விளையாட்டு. தம்பி அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டே திரிவான். போனில் அவ்வளவு மெதுவாகப் பேசிய பெண்ணுக்கு இவ்வளவு பெரிய சிரிப்பு உண்டு என்று எனக்குத் தெரியாது.

அவள் அப்படி இருக்க வேண்டும் என்றுதான் நான் அத்தனை பேரிடம் போய் நின்றேன். மனதார மகிழ்ச்சிதான். ஆனாலும் ஆப்பிள் நறுக்கும்போது காதும் தோளும் காலியாக இருந்தன. ஒரு முறை, அவள் தண்ணீர் குடிக்க வந்தபோது, "இன்னிக்கு கிளாஸ்ல என்ன கண்ணு நடந்துச்சு?" என்று கேட்டேன். "நத்திங்" என்றாள், டம்ளரை வைத்துவிட்டு ஓடினாள். எல்லா வீட்டுக் குழந்தைகளும் எல்லாப் பெரியவர்களுக்கும் சொல்லும் பதில்தான் அது. ஆனால் எனக்கு அதைக் கேட்டுப் பழக்கமில்லை.

என் கணவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் சொல்லப் பார்த்தேன். "நல்லதுதானே, அவளுக்குப் பழகிடுச்சு" என்றார். சரிதான் என்றேன். அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஓனருக்கு ஒரு நாள் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வீட்டுக்குள் நான் போனது அந்த ஒரு முறைதான். உள்ளே டிவி பெரிய சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அதன் முன்னால் யாரும் இல்லை. அவர் பின்கட்டில் எதையோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். காது மந்தமா என்று கேட்க வாயெடுத்தவள் கேட்கவில்லை. அந்தப் பெண் எப்படியிருக்கிறாள் என்று விசாரித்தார். நன்றாகச் சத்தம் போடுகிறாள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

இரண்டு வருஷம்போல அவள் என்னிடம் வந்தாள். பிறகு அம்மாவுக்கும் டாலஸிலேயே வேலை கிடைத்து அந்தக் குடும்பம் ஒன்று சேர்ந்தது. கிளம்பும் நாளன்று மதுரைக்காரப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெரியவளும் வந்து இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டாள், அதற்குள் தம்பி ஹாரனை அழுத்திவிட்டான் என்று அவனைத் திட்ட ஓடினாள். கார் சந்து முனையில் திரும்பியதும் நான் உள்ளே வந்தேன். மீதி ஐந்து பேர் பழத்துக்காகக் காத்திருந்தார்கள்.

அதற்குப் பின் வந்தது இன்டர்நெட் கம்பெனிகள் சரிந்த வருஷம், எல்லோருக்கும் தெரியும். கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. வேலை போனவர்கள் குழந்தையைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள், சிலர் ஊருக்கே திரும்பினார்கள். ஐந்து மூன்றாயிற்று, மூன்று ஒன்றாயிற்று. அந்தக் கடைசிக் குழந்தையின் அப்பா வெள்ளிக்கிழமை வந்து, "திங்கள்லருந்து நானே வீட்டுல இருக்கேன், ஆன்ட்டி" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் இளையவர். என் கணவரின் கம்பெனி தப்பிப் பிழைத்தது. அதனால் அவர் முன்னைவிட அதிக நேரம் அங்கேயே இருந்தார்.

லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பாய்கள், சின்ன நாற்காலிகள், தடுப்புக் கதவுகள் எல்லாம் கேரேஜில் குவிந்து கிடந்தன. இரண்டு தெரு தள்ளி ஒரு வியட்நாமியப் பெண் புதிதாகக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள விண்ணப்பித்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு வேனோடு வந்தாள். என் வயதுதான் இருக்கும். அவள் இங்கிலீஷ் எனக்குப் பாதி புரிந்தது, என்னுடையதும் அவளுக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

எத்தனை குழந்தைகள் வைத்துக்கொள்ள விடுவார்கள் என்று கேட்டாள். ஆறு என்றேன். அதற்கு மேல் வேண்டுமானால் என்னவெல்லாம் செய்ய வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று சொன்னேன். நாற்காலியைத் தூக்கியபடியே கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பொருள்களை ஏற்றி முடித்ததும் காசு எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. காசை மறுபடி பைக்குள் வைத்துவிட்டு, காலையில் அந்தப் பக்கத்துப் பூங்காவில் நடப்பேன், நீயும் வருகிறாயா என்றாள்.

திங்கட்கிழமை காலை ஷூ மாட்டிக்கொண்டு போனேன். அவள் ஏற்கெனவே வந்து பூங்கா வாசலில் நின்று, வெயிலுக்குக் கண்மேல் கையை வைத்து, நான் வருகிறேனா என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.